மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்?

தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டு கடைத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் பல வீடுகளின் உச்சியில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். கீழே கடை, மேலே குடியிருப்பு, அதற்கும் மேலே மொட்டை மாடியில் தூணுக்குத் தூண் அறுக்காமல் விட்ட கம்பி. வெளிநாட்டுக்காரர் பார்த்தால் பாதியில் நின்றுபோன கட்டடம் என்று நினைப்பார். கொத்தனாரைக் கேட்டால் ‘மேல எடுக்கிறதுக்கு’ என்று முடித்துவிடுவார். மகனுக்குக் கல்யாணம் கூடினால், இலவம் பஞ்சும் தேங்காயும் ஒரு வருடம் நல்ல விலைக்குப் போனால், திருப்பூரில் இருக்கும் தம்பி பணம் அனுப்பினால், மேலே ஒரு வீடு எழும்பும். கண்டமனூரிலிருந்து வருசநாடு வரை மூல வைகையை ஒட்டிப் போகும் சாலையிலும், தேனி, சின்னமனூர், கம்பம் வரையிலும் இதே காட்சிதான்.

ஐரோப்பாவின் கட்டடக் கலைஞர்கள் கடந்த இருபது ஆண்டுகளாகப் பெரிய கண்டுபிடிப்பாகப் பேசிவருவதும் ஏறத்தாழ இதுதான். நெருக்கமான நகரத்தில் மனை கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகவில்லை. ஆகவே ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களின் மொட்டை மாடியையே மனையாகக் கொண்டு, ஆலையில் செய்த அறைகளைக் கொண்டுவந்து மேலே பொருத்து. நடுவில் எல்லோருக்கும் பொதுவாகக் கொஞ்சம் முற்றம் விடு என்கிறார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2007இல் ஒரு பழைய கட்டடத்தின் தலையில் நீல நிறத்தில் ஒரு குட்டித் தெருவையே கட்டினார்கள். பிரான்ஸ் 2014இல் சட்டத்தைத் திருத்தி, மேல் தளம் எழுப்ப அடுக்குமாடிவாசிகள் அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும் என்றிருந்ததை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தது. இங்கிலாந்து 2020இல் சில வகைக் கட்டடங்களின் மேல் இரண்டு தளங்கள் வரை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே எழுப்ப வழி செய்தது.

இந்த யோசனை சென்னைக்கும் மதுரைக்கும் பொருந்துமா என்று கேட்பவர்கள் வழக்கமாகத் தொழில்நுட்பத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என் பார்வையில் தொழில்நுட்பம் பாதிக் கணக்குத்தான். மீதிப் பாதி, அந்த மொட்டை மாடி யாருடையது என்பது. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பாரம். இந்தியத் தர நிர்ணய விதிகளின்படி, ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடி ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ புழக்கச் சுமையைத் தாங்க வேண்டும். யாரும் ஏறாத கூரைக்கு அதில் பாதி போதும். குடியிருக்கும் அறை என்றால் 200 கிலோ. 150க்கும் 200க்கும் வித்தியாசம் பெரிதில்லையே என்று தோன்றலாம். ஆனால் இது ஆட்களுக்கும் சாமான்களுக்குமான கணக்கு மட்டுமே. சுவரும் தளமும் தனி. பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றை ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் எழுப்பினால், கதவு சன்னலைக் கழிக்காமல், சுவரின் எடை மட்டும் சுமார் 16 டன் வரும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் போட்டால் இன்னும் மூன்று டன்னை ஒட்டி. இவ்வளவையும் கீழே இருக்கும் தூணும் அஸ்திவாரமும் சுமக்க வேண்டும்.

அதே அறையை மெல்லிய எஃகுச் சட்டத்தில் பலகை அடித்துச் செய்தால் சுவர் இரண்டு டன்னுக்குள் அடங்கிவிடும். மாடிக்கு மேல் மாடி என்ற யோசனைக்கு உயிர் கொடுப்பது இந்த வேறுபாடுதான். கூரை மேல் வைக்கும் வீடு இலேசாக இருக்க வேண்டும். இலேசாக இருப்பதற்கும் விலை உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மாடித் தகரக் கொட்டகைகள் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு, கனம் குறைந்த கட்டடத்தைத் தளத்தோடு எப்படிப் பூட்டுவது என்பது ஏன் தனிப் பாடம் என்று விளங்கும். வெயிலும் அப்படியே. பழைய மதராஸ் டெரஸ் கூரை தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய கனத்த கூரை. வெயில் உள்ளே இறங்க நேரமாகும். மெல்லிய பலகைக்கு நடுவில் வெப்பத் தடுப்பு வைக்காவிட்டால் சித்திரை மாதத்தில் அந்த அறை குடியிருக்க லாயக்கில்லை. ஆனால் அந்த மதராஸ் டெரஸின் மேல் இன்னொரு வீட்டை வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் அந்த உத்தரங்களை அண்ணாந்து பார்த்ததில்லை என்று பொருள்.

கடமலைக்குண்டின் கம்பிகளுக்கு வருவோம். அந்த வீடுகளில் பலவற்றுக்கு, இன்னொரு தளம் வரும் என்று நினைத்தே அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். பெருநகரத்தின் பழைய கட்டடங்களுக்கு இல்லாத அனுகூலம் இது. அதே சமயம், பத்துப் பதினைந்து வருடம் மழையில் நனைந்த கம்பி துருவில் கரைந்து மெலிந்திருக்கும். புதுக் கம்பியைப் பழைய கம்பியோடு சேர்த்துக் கட்டும் நீளம், கம்பியின் விட்டத்தைப் போல நாற்பது ஐம்பது மடங்கு இருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ இரண்டடி. பல மாடிகளில் வெளியே விட்டிருப்பது ஓரடிதான். சிமென்ட் பால் பூசியோ, மெலிந்த கான்கிரீட்டால் மூடியோ வைத்தால் தப்பும். இதைச் செய்பவர்கள் குறைவு. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி. அலைச்சல் மிச்சம், நல்ல காரியம். ஆனால் அஸ்திவாரம் தாங்குமா, கம்பி நன்றாக இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு இனி வீட்டுக்காரரும் அவர் நம்பும் பொறியாளருமே பொறுப்பு.

இனி ஆலையில் செய்த வீடு. 2022 மே 26 அன்று மாலை சென்னையில் நடந்த ஒரே விழாவில் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தவற்றுள் இரண்டு, இந்தக் கட்டுரைக்கு நேராகச் சம்பந்தப்பட்டவை. ஒன்று, மதுரை–தேனி அகல ரயில் பாதை. பாதை மாற்றத்துக்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில் பதினொரு வருடம் கழித்துத் தேனிக்கு வந்தது. மற்றொன்று, பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள். மத்திய அரசு ‘கலங்கரை விளக்கத் திட்டம்’ என்று பெயர் வைத்து ஆறு நகரங்களில் ஆறு கட்டுமான முறைகளைச் சோதித்தது. ராஞ்சியில் முழு அறையையே பெட்டியாக வார்த்து அடுக்கினார்கள். அகர்தலாவில் மெல்லிய எஃகுச் சட்டம். சென்னைக்கு வாய்த்தது முன்வார்ப்புக் கான்கிரீட்: சுவரையும் தளத்தையும் வேறிடத்தில் வார்த்து, கிரேனில் தூக்கிக் கோத்து, தரைத்தளமும் ஐந்து மாடியுமாகப் பன்னிரண்டு கட்டடங்கள்.

ரயிலையும் வீட்டையும் ஒரே மேடையில் திறந்தது தற்செயல்தான். ஆனாலும் தேனியில் ரயில் ஏறுபவர்களில் ஒரு பகுதியினர் வேலை தேடிச் சென்னைக்கே போகிறார்கள். அங்கே அவர்களுக்கு வாய்க்கும் முதல் இருப்பிடம் பெரும்பாலும் ஏதோவொரு மாடிதான். திருவல்லிக்கேணி மேன்ஷன்களும், அவற்றின் உச்சியில் தகரம் வேய்ந்த அறைகளும் தென்மாவட்டத்துப் பிள்ளைகளால் நிரம்பியவை. சென்னையில் மாடி மேல் வீடு ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அனுமதியில்லாமல், வெப்பத்தடுப்பில்லாமல், வாடகைச் சீட்டில்லாமல் இருக்கிறது.

அந்தத் தகர அறைக்குப் பதிலாக ஆலையில் செய்த நல்ல அறையை வைக்கலாமே என்றால், திருவல்லிக்கேணிச் சந்துக்குள் கிரேன் நுழையாது. ராஞ்சி பாணியில் முழு அறையைப் பெட்டியாகத் தூக்கி வைக்கும் முறைக்கு அகலமான சாலை வேண்டும், கிரேன் காலூன்ற இடம் வேண்டும், மேலே மின்கம்பி குறுக்கிடக் கூடாது. நம் பழைய பேட்டைகளில் இந்த மூன்றும் ஒருசேர அமைவது அபூர்வம். ஆகவே இங்கே எடுபடக்கூடியது அகர்தலா முறைதான். இரண்டு ஆள் தூக்கிப் படியேற்றக்கூடிய சட்டங்களும் பலகைகளும், மேலே போய்த் திருகி நிறுத்துவது. வெளிநாட்டுப் பத்திரிகைப் படங்களில் கிரேனில் தொங்கும் அறை கவர்ச்சியாக இருக்கும், நமக்கு ஆகாது.

ஏன் மாடியைத் தேட வேண்டும் என்பதற்கும் பெரும்பாக்கமே விடை. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதலில் குடிசை இருந்த இடத்திலேயே மூன்று மாடி நான்கு மாடி என்று கட்டியது. பட்டினப்பாக்கத்திலும் மயிலாப்பூரிலும் இன்னும் பார்க்கலாம். 2000 வாக்கில் பாதை மாறியது. கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பிறகு எழில் நகர், பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடிச் சதுப்பை ஒட்டி அடுக்கினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை, கூவக்கரைக் குடும்பங்களையும் அங்கே கொண்டுபோனார்கள். வீடு கிடைத்தது, வேலை இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனது. வீட்டு வேலை செய்த பெண்களுக்குப் பேருந்துக் காசும் நேரமுமே பாதிக் கூலியைத் தின்றன. நகரத்துக்குள்ளேயே, இருக்கும் குடியிருப்புகளின் தலைமேல் சில ஆயிரம் வீடுகள் கிடைக்குமானால் இந்த இடப்பெயர்வில் ஒரு பகுதியைத் தவிர்க்கலாமே என்ற ஆசை நியாயமானது.

ஆசை நியாயம், கட்டடம் தாங்காது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு கட்டடம், 24 வீடுகளோடு, இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து ஆட்கள் வெளியேறியிருந்ததால் உயிர்ச் சேதமில்லை. அந்தக் கட்டடத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், புளியந்தோப்பு கே.பி. பார்க்கின் புதுக் குடியிருப்பில் கையால் தொட்டால் பூச்சு உதிர்கிறது என்ற புகார் எழுந்து, ஐ.ஐ.டி. பொறியாளர்களை விட்டு ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. சுத்தியல் சோதனை, மையத்துண்டு எடுத்துச் சோதனை எல்லாம் முடியாமல் வாரியக் கட்டடம் எதன் தலையிலும் ஒரு செங்கல்லைக்கூட ஏற்றக் கூடாது என்பதே என் தீர்ப்பு. உப்புக்காற்று வீசும் கடலோரத்துப் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டுவதுதான் சரி. அதைத்தான் வாரியமும் செய்துவருகிறது.

இனி இரண்டாவது பாதி. கடமலைக்குண்டு வீட்டின் மொட்டை மாடி ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அதன் மேல் அறை எழுப்பினால் வேறு யாருக்கும் இழப்பில்லை. வீட்டு மாடி போனாலும் ஊருக்கு மந்தை இருக்கிறது, களம் இருக்கிறது, கோயில் வாசல் இருக்கிறது. இலவங்காயைக் காயப்போடவும், சாவுக்குப் பந்தல் போடவும், ராத்திரி உட்கார்ந்து பேசவும் தரையிலேயே பொது இடம் உண்டு. நகரத்து அடுக்குமாடியில் மந்தை, களம், வாசல் மூன்றும் சேர்ந்து மொட்டை மாடியாக ஏறி நிற்கின்றன. துணி காய்வது அங்கே. வத்தலும் மோர்மிளகாயும் அங்கே. மின்சாரம் போன இரவில் பாய் விரிப்பது அங்கே. பரீட்சைக்குப் படிக்கும் பையன் புத்தகத்தோடு நடப்பது, வீட்டில் பேச முடியாததைப் பெண்கள் கைப்பிடிச் சுவரோரம் நின்று பேசுவது, பட்டம், பட்டாசு எல்லாம் அங்கே. 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்புக்கு நீர் கொடுப்பதும் இந்தத் தளம்தான். இப்போது சூரியத் தகடுகளும் வந்து இடம் கேட்கின்றன. ‘பயன்படாமல் கிடக்கும் கூரை’ என்று அயல்நாட்டுத் திட்ட அறிக்கைகள் எழுதும் வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் எழுத முடியாது.

சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் மொட்டை மாடியைப் படிக்கட்டு, லிஃப்ட் வரிசையில் பொதுப் பகுதியாகச் சேர்த்திருக்கிறது. அடுக்குமாடியில் வீடு வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு உண்டு. மேலே புதிதாகப் பத்து வீடு வந்தால் அந்தப் பத்துப் பேருக்கும் பங்கு கொடுக்க வேண்டும். பழையவர்களின் பங்கு கரையும். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது அது. பிரான்சின் கணக்கும் இதுவேதான். ஆனால் பிரெஞ்சுச் சட்டத்தில் உச்சித் தளத்தில் குடியிருப்பவருக்கு ஒரு முன்னுரிமை உண்டு: மேலே வரப்போகும் இடத்தை முதலில் அவரிடம் கேட்க வேண்டும். தலைக்கு மேல் துளை போடும் சத்தத்தையும் ஒழுகலையும் சுமக்கப்போகிறவர் அவர்தானே.

உரிமை தெளிவாக இல்லாமல் மேலே ஏறியவர்கள் கதி என்ன என்பதற்கு இரண்டு ஊர்களைப் பார்க்கலாம். ஹாங்காங்கில் பழைய குடியிருப்புகளின் உச்சியில் தகரமும் மரமுமாக ஏழைகள் கட்டிக்கொண்ட வீடுகள் ஏராளம். ஒரே படிக்கட்டு உள்ள கட்டடங்களில் இவற்றை 2001 முதல் அரசு முனைந்து அகற்றியது. தீப்பிடித்தால் கீழே இறங்க முடியாதவர்கள் தப்பி ஒதுங்க வேண்டிய இடம் மொட்டை மாடி. அதை அடைத்துவிட்டால் போக்கிடமில்லை என்பது காரணம். அந்தக் காரணத்தில் நான் குறை காணவில்லை. நம் ஊர் மேன்ஷன்களிலும் பழைய வாரியக் கட்டடங்களிலும் பெரும்பாலும் ஒரு படிக்கட்டுதான். இரண்டாவது படிக்கட்டுக்கு வழியில்லாத கட்டடத்தில் மேல்வீடு கூடாது என்பதை முதல் விதியாக வைக்க வேண்டும்.

இரண்டாவது, தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். மும்பை மாநகராட்சி அங்கே வீட்டின் உயரத்துக்கு 14 அடி வரம்பு வைத்திருந்தது. அதற்குள் தரையும் மாடியுமாக இரண்டு வீடு பிடித்தார்கள்; வரம்பைத் தாண்டியும் எழுப்பினார்கள். கீழே பட்டறை, மேலே குடித்தனம், வெளியே செங்குத்தான இரும்பு ஏணி. இப்போது நடக்கும் மறுசீரமைப்பில், 2000க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். மேல்தளத்தில் இருப்பவருக்கு இலவச வீடு கிடையாது. தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, அதுவும் வாடகையாகக் கட்டிப் பிறகு வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில். ஒரே ஏணியின் கீழ்முனையில் இருப்பவர் உரிமையாளர், மேல்முனையில் இருப்பவர் வெளியூர்க்காரர். மேலே குடியேறுகிறவர் பெயரை முதல் நாளே ஆவணத்தில் எழுதாவிட்டால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும்.

பொது இடத்தை மேலே ஏற்றிவைத்துக் காப்பாற்ற முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. சிங்கப்பூர் அதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கே வீடமைப்புக் கழக அடுக்குமாடிகளின் தரைத்தளத்தை வெறுமையாக விடும் வழக்கம் 1970களில் பரவியது. மலாய்க் கல்யாணமும், சீனர் சாவும், தமிழர் விசேஷமும் அங்கேதான் நடக்கின்றன. பிறகு அந்த வெறுமையை உயரே கொண்டுபோனார்கள். 2009இல் முடிந்த டக்ஸ்டன் பினக்கல், ஐம்பது மாடிக் கட்டடங்கள் ஏழு. 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் எல்லாவற்றையும் இணைக்கும் பாலத் தோட்டங்கள். 2015இல் வந்த டாசன் ஸ்கைவில் திட்டத்தில் 960 வீடுகளை எண்பது எண்பதாகப் பிரித்து, ஒவ்வொரு எண்பதுக்கும் ஒரு நிழல் முற்றம் வைத்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த எண்பதுதான். ஆயிரம் குடும்பத்துக்கு ஒரு சமுதாயக் கூடம் என்றால் அது யாருடையதும் இல்லாமல் பூட்டிக் கிடக்கும். எண்பது குடும்பம் என்றால் யார் வீட்டுத் துணி கொடியில் தொங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெரும்பாக்கத்தின் 1,152 வீடுகளும் கட்டடத்துக்கு 96 என்ற கணக்கில்தான் இருக்கின்றன. அந்தப் பன்னிரண்டு கட்டடங்களின் மாடியையும் அந்தந்தத் தொண்ணூற்றாறு குடும்பங்களின் பொறுப்பில் விட அளவு ஏற்கெனவே சரியாகத்தான் அமைந்திருக்கிறது.

என் முடிவுகள் இவை. மாடி மேல் வீடு சென்னையில் தொடங்க வேண்டிய காரியமில்லை. தேனி, கம்பம், கடமலைக்குண்டு மாதிரியான ஊர்களில், மேலே எடுக்கவே கட்டிய வீடுகளில், செங்கல்லுக்குப் பதில் இலேசான சட்டத்தில் தொடங்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் ஒருவர் தூணையும் கம்பியையும் பார்த்துச் சான்று தரும் ஏற்பாடு இருந்தால் போதும். மீதியைக் கொத்தனார்கள் பார்த்துக்கொள்வார்கள். நகரத்தில் பழைய கட்டடங்களை விட்டுவிட்டு, இனி இடித்துக் கட்டும் வாரியக் குடியிருப்புகளின் வரைபடத்திலேயே பின்னால் வரக்கூடிய ஒரு தளத்தின் சுமையைக் கணக்கில் சேர்க்கலாம். அப்படி எழுப்பும்போது மாடியில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது. எவ்வளவு அடைக்கிறோமோ அவ்வளவுக்குப் புதுத் தளத்தின் உச்சியில் நிழலோடு திருப்பித் தர வேண்டும். இரண்டாவது படிக்கட்டு கட்டாயம். மேலே வருகிறவர் பெயரில் நிலப்பங்கோடு பத்திரம் கட்டாயம்.

வாரியம் தன் அடுத்த மறுகட்டுமானத் திட்டத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, எத்தனை வீடு என்ற எண்ணோடு, மொட்டை மாடி எத்தனை சதுர அடி, அது எந்தக் குடும்பங்களின் பொறுப்பு என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதட்டும். குடியிருப்போர் சங்கங்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.